மூக்குச் சக்கரம்

தமிழ்ச்செல்வியின் கடையில் எல்லாம் கிடைக்கும், 'இல்லை' என்கிற ஒரு வார்த்தையைத் தவிர. செங்கல்பட்டு பழைய பேருந்து நிலையத்தை ஒட்டிய சந்தில் இருக்கிறது அந்த இருசக்கர வாகன உதிரிபாகக் கடை. ஊரில் யாரும் ஓட்டாத ஒரு பழைய வண்டிக்குப் போய் கிளட்ச் கேபிள் கேட்டாலும் அவள் நெற்றியைச் சுருக்க மாட்டாள். "நாளைக்கு வரும்" என்பாள். நாளைக்கு வராவிட்டால் நாளன்றைக்கு வரும். எங்கிருந்தாவது வந்துவிடும். கடையில் அந்தச் சொல் விழுந்தால் லட்சுமி எழுந்து போய்விடுவாள் என்று பல கடைக்காரர்கள் நம்புவது உண்டு. தமிழ்ச்செல்விக்கு அந்த நம்பிக்கை கொஞ்சம், பிடிவாதம் அதிகம். இல்லை என்று சொல்வதற்கு எதற்குக் கடையைத் திறந்து உட்கார வேண்டும், வீட்டில் இருந்தபடியே சொல்லலாமே என்பது அவள் கட்சி.

இந்த வாய்தான் அவளை ஒரு ஜெட் விமானத்தின் அடியில் கொண்டுபோய் நிறுத்தியது.

ராஜாராம் விமானப்படையில் எஞ்சின் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ஒரு நாள் கடைக்கு வந்தவர், சட்டைப்பையிலிருந்து காகிதத்தில் மடித்த ரப்பர் வளையம் ஒன்றை எடுத்து, இதே அளவில் வேண்டும் என்றார். எந்த வண்டிக்கு என்று கேட்டாள். ஜெட் விமானத்துக்கு என்றார். காலை நேரத்தில் ஒருவர் வம்புக்கென்றே வந்திருக்கிறார் என்று நினைத்துக்கொண்டாள். ஆனாலும் பழக்க தோஷம், நாளைக்கு வரும் என்று சொல்லிவிட்டாள். வந்தது. வாங்க வந்தவரிடம், விமானத்தைக் கண்ணால் காட்டினால்தான் பொருளைத் தருவேன் என்று பிடித்துக்கொண்டாள்.

விமானம் திருக்கழுக்குன்றம் போகும் சாலையில் ஒரு பாலிடெக்னிக்கின் மைதானத்து ஓரத்தில் நின்றுகொண்டிருந்தது. விமானப்படைக்காரர்கள் பறக்கப் பழகிய, இரண்டு பேர் பக்கத்தில் பக்கத்தில் உட்காரும் ஜெட். காலம் முடிந்ததும், பிள்ளைகள் பார்த்துப் படிக்கட்டும் என்று கல்லூரிக்குக் கொடுத்திருந்தார்கள். பிள்ளைகள் பார்த்தார்கள். ஏறினார்கள். இறக்கைமேல் உட்கார்ந்து எலுமிச்சை சாதம் சாப்பிட்டார்கள். கழற்ற முடிந்ததைக் கழற்றிக்கொண்டும் போனார்கள். காற்று உறிஞ்சும் வாயில் அணில் குடித்தனம் வைத்து, வம்சத்தையும் பெருக்கியிருந்தது.

ஞாயிற்றுக்கிழமை தோறும் அதைப் பழுது பார்க்க மூன்று பேர் வந்தார்கள். ராஜாராம் ஒருவர். அலுமினியக் கதவு, ஜன்னல் செய்யும் ஜெபக்குமார் ஒருவர். பஸ் டிப்போவில் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்ற பன்னீர்செல்வம் ஒருவர். சம்பளம் கிடையாது. டீ கூட அவரவர் செலவு. ஒரு நாள் இதன் எஞ்சினை உயிர்ப்பித்து அந்தச் சத்தத்தைக் காதால் கேட்க வேண்டும், அவ்வளவுதான் அவர்கள் ஆசை. பைத்தியக்காரத்தனம் என்று ஊரில் சிலர் சொன்னார்கள். தமிழ்ச்செல்விக்கும் முதல் வாரம் அப்படித்தான் பட்டது. இரண்டாவது வாரம் டிபன் கட்டிக்கொண்டு வந்துவிட்டாள்.

அவளுக்கு எஞ்சினும் தெரியாது, இறக்கையும் தெரியாது. பொருள் எங்கே ஒளிந்திருக்கும் என்று தெரியும். விமானத்தின் உயரமானியை அவள் செய்யூர்ப் பக்கத்தில் ஒரு வேர்க்கடலை வியாபாரி வீட்டுச் சுவரில் கண்டுபிடித்தாள். அங்கே அது கடிகாரமாக மாட்டியிருந்தது. எண் இருந்தது, முள் இருந்தது, ஓடத்தான் காணோம். பேட்டரி போடும் இடத்தைத் தேடித் தேடி அந்த மனிதர் சலித்துப்போயிருந்தார். தமிழ்ச்செல்வி புதுக் கடிகாரம் ஒன்றை வாங்கிப்போய் அதே ஆணியில் மாட்டிவிட்டு, பழையதை முந்தானையால் துடைத்து எடுத்து வந்தாள். அந்த வீட்டு மாப்பிள்ளை எந்தப் பாலிடெக்னிக்கில் படித்தவர் என்பதும் அவளுக்குத் தெரியும். அதை யாரிடமும் சொல்லவில்லை. பொருள் வந்தால் போதும், மானத்தை வாங்கி என்ன ஆகப்போகிறது.

இப்படி ஒவ்வொன்றாக வந்து சேர்ந்துகொண்டிருந்த நேரத்தில், மழைக்காலம் முடியும்போது, கல்லூரி முதல்வர் ராஜாராமைக் கூப்பிட்டு அனுப்பினார். மனிதர் நல்லவர்தான். விமானம் நிற்கும் இடத்தில் புது ஹால் கட்டப்போகிறார்கள், பொங்கல் லீவு முடிந்து கல்லூரி திறக்கும்போது இடம் காலியாக இருக்க வேண்டும் என்று தயங்கித் தயங்கிச் சொன்னார். மைதானத்தின் அந்தப் பக்கக் கோடியில் வேப்பமரத்தடியில் நிறுத்திக்கொள்ளலாம். நகர்த்த முடியாவிட்டால் காயலான் கடைக்காரர் வந்து காஸ் கட்டரால் அறுத்து எடுத்துக்கொள்வார்.

கிரேன் வைத்துத் தூக்கினால் ஆயிற்று என்று தமிழ்ச்செல்வி நினைத்தாள். ராஜாராம் அவளை விமானத்துக்கு அடியில் குனியவைத்து டார்ச் அடித்துக் காட்டினார். வயிற்றுப் பக்கத்து எலும்புகளெல்லாம் மழையில் அரித்துப்போயிருந்தன. பெல்ட் போட்டுத் தூக்கினால் நடுமுதுகு ஒடிந்துவிடும். தன் மூன்று சக்கரத்தில் தானே உருண்டு போனால்தான் உண்டு. இறக்கைக்கு அடியில் இருக்கும் இரண்டு சக்கரங்களையும் பன்னீர்செல்வம் சுற்றவைத்துவிட்டார். மூக்குக்கு அடியில் இருக்க வேண்டிய மூன்றாவது சக்கரம் யாருக்கும் நினைவில்லாத காலத்திலேயே காணாமல் போயிருந்தது. அந்த இடத்தில் செங்கல் அடுக்கித்தான் மூக்கை நிறுத்தியிருந்தார்கள்.

மூன்று ஆண்களும் செங்கல் அடுக்கையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். இழவு வீடு மாதிரி இருந்தது. தமிழ்ச்செல்விக்குப் பொறுக்கவில்லை.

"சக்கரம் நான் கொண்டாறேன் சார்," என்றாள். "நீங்க மரத்தடியில எடத்த சுத்தம் பண்ணுங்க."

வாய் சொல்லிவிட்டது. அப்புறம்தான் கால் அலைய ஆரம்பித்தது. சென்னை புதுப்பேட்டையின் பழைய இரும்புக் கடைகளில் சந்து சந்தாகத் தேடினாள். ராஜாராமின் பழைய சகாக்களுக்கெல்லாம் போன் போட்டாள். பெங்களூரில் இருக்கலாம் என்றார்கள். பெங்களூர்க்காரர் ஹைதராபாத்தைக் காட்டினார். ஹைதராபாத்காரர், விமானப்படைத் தளம் இருக்கிற தாம்பரத்துக்குப் பக்கத்திலேயே இருந்துகொண்டு என்னைக் கேட்கிறீர்களே என்று சிரித்தார். மார்கழி பிறந்துவிட்டது. மரத்தடியில் இடம் சுத்தமாக இருந்தது. தூங்கி எழும்போது முதலில் அந்தச் செங்கல் அடுக்குதான் நினைவுக்கு வந்தது.

கிடைத்தது பஸ்ஸில் போகும்போது. கல்பாக்கம் பக்கத்தில் ஒரு சொந்தக்காரர் வீட்டு வளைகாப்புக்குப் போய்விட்டுத் திரும்பினாள். சதுரங்கப்பட்டினம் தாண்டி ஈ.சி.ஆர். சாலையில் ஒரு ரிசார்ட். அதன் வாசல் புல்தரையில் அதே ஜாதி விமானம், நீலமும் வெள்ளையுமாக பெயின்ட் அடித்து. முன் டயரில் காற்றில்லாமல் மூக்கு தாழ்ந்து, புல்லில் எதையோ தொலைத்துவிட்டுத் தேடுவதைப் போல நின்றது. ஆனால் மூக்குக்கு அடியில் சக்கரம் இருந்தது. அடுத்த நிறுத்தம் வரை பொறுக்காமல் கண்டக்டரிடம் சண்டை போட்டு இறங்கினாள்.

ரிசார்ட்டின் முதலாளி சாரதாம்பாள். உள்ளூர் விவசாயக் குடும்பத்தில் பிறந்து, புகுந்த வீட்டுச் சவுக்குத் தோப்பில் முதலில் நாலு அறை கட்டி, இப்போது நீச்சல்குளம் வரைக்கும் கொண்டுவந்திருக்கும் அம்மாள். எழுபதை நெருங்கிக்கொண்டிருந்தார். பக்கத்து ரிசார்ட்காரன் வாசலில் ஃபைபர் டால்ஃபின் வைத்ததால், இவர் ஏலத்தில் விமானம் எடுத்து வைத்தவர். அப்படிப்பட்டவரிடம் சக்கரத்தைக் கேட்பது எப்படி இருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. விலை சொல்லுங்கள் என்றதும் அந்த அம்மாள், விற்பனைக்கு என்று எங்காவது போர்டு மாட்டியிருக்கிறேனா என்று கேட்டார். தமிழ்ச்செல்வி எழுந்திருக்கவில்லை. பாலிடெக்னிக்கின் கதையை முதலிலிருந்து சொன்னாள். காஸ் கட்டர் வரப்போவதைச் சொன்னாள். காபி வந்தது. இரண்டாவது காபியும் வந்தது.

கடைசியில் சாரதாம்பாள் கொஞ்சம் இறங்கி வந்தார். இங்கே நிற்கிற விமானம் எங்கேயும் போகப்போவதில்லை, அதற்கு ஓடுகிற சக்கரம் தேவையில்லைதான் என்று ஒப்புக்கொண்டார். ஆனால் சக்கரமில்லாமல் ஒரு மணி நேரம்கூட அது வாசலில் நொண்டி நிற்கக் கூடாது. கழற்றுகிற அன்றைக்கே மாற்றுச் சக்கரம் மாட்ட வேண்டும். மரம் வேண்டாம், கறையான் தின்னும். ஃபைபர் வேண்டவே வேண்டாம், உப்புக் காற்றில் அந்த டால்ஃபினுக்குத் தோல் உரிந்து கிடப்பதைத் தினமும் பார்க்கிறார். இரும்பு துருப்பிடிக்கும்.

"அப்போ கல்லுல செஞ்சி குடுத்தா?" என்றாள் தமிழ்ச்செல்வி.

சாரதாம்பாள் காபி டம்ளரைக் கீழே வைத்தார். கல்லிலேயே தேர் செய்து நிறுத்தின ஊர் பத்து கிலோமீட்டரில் இருக்கும்போது இது ஏன் தனக்குத் தோன்றவில்லை என்கிற எரிச்சல் அவர் முகத்தில் தெரிந்தது. பார்க்கிறவனுக்கு நிஜச் சக்கரம் மாதிரியே இருக்க வேண்டும் என்று மட்டும் சொன்னார்.

மாமல்லபுரத்தில் சாலையோரச் சிற்பக்கூடம் வைத்திருக்கும் குமார் அவள் கடைக்குப் பழைய வாடிக்கை. பிள்ளையார் செய்திருக்கிறேன், தண்ணீர் துப்பும் தவளை செய்திருக்கிறேன், டயர் செய்ததில்லை என்று தலையைச் சொறிந்தான். ஆனால் கண்ணில் ஆசை தெரிந்தது. கூலி பேசும்போது காசைவிட, தன் கல் அறுக்கும் மெஷினுக்கு எங்கேயும் கிடைக்காத ஒரு பாகத்தைத்தான் அழுத்திக் கேட்டான். நாளைக்கு வரும் என்றாள். வந்தது. ரிசார்ட்டுக்குப் போய் நூல் பிடித்து அளந்தான். ஈரச் செய்தித்தாளை டயர்மேல் ஒட்டி அழுத்தி, அதன் வரிப்பள்ளங்களையும் எழுத்துகளையும் படியெடுத்துக்கொண்டான். அவன் வேலை செய்யும் நேர்த்தியைப் பார்த்து தமிழ்ச்செல்விக்கு நிம்மதி வந்துவிட்டது. நிம்மதி வந்தால் மனிதருக்குப் புத்தி தூங்கப் போய்விடும். நடுவில் ஒரு தடவையாவது போய்ப் பார்த்திருக்க வேண்டும், போகவில்லை.

பொங்கலுக்கு முந்தின சனிக்கிழமை, ஊரில் குட்டி யானை என்று சொல்கிற சின்ன லாரியோடு கல்லை ஏற்றப் போனாள். குமார் சாக்குத் துணியை விலக்கிக் காட்டினான்.

சக்கரம் அச்சு அசலாக இருந்தது. ரப்பரின் சுருக்கம்கூடக் கல்லில் விழுந்திருந்தது. நடுவில் அச்சு நுழையும் துளை சுத்தமாக இருந்தது. அதற்குக் கீழே, ஒரு முழம் உயரத்துக்கு, இதழ் இதழாக விரிந்த தாமரைப் பீடம்.

"இன்னா குமாரு இது?"

"சக்கரம்க்கா."

"அது தெரியிது. கீழ?"

"பீடம்."

"பீடம் யாரு கேட்டா?"

குமார் அவளைப் பரிதாபமாகப் பார்த்தான். "பீடம் இல்லாம எப்டிக்கா நிக்கவெச்சி குடுப்பேன்? நிக்கிற எதுக்கும் கால்ல பீடம் வேணும். எதழு எப்டி வந்துகீது பாரு."

அவனிடம் கோபித்துக்கொண்டு பயனில்லை. சக்கரம் செய் என்று சொன்னாளே தவிர, தாமரை வேண்டாம் என்று சொல்லவில்லை. சொல்ல வேண்டும் என்று யாருக்குத் தோன்றும்? இதை அறுத்து எடுத்துவிடலாமா என்று கேட்டாள். சக்கரமும் பீடமும் ஒரே கல், அடியில் மெஷின் வைத்தால் வெடிப்பு மேலே ஏறிவிடும் என்றான். புதிதாகச் செய்தால் மாசி மாதம் தரலாமாம். மாசியில் விமானம் துண்டு துண்டாகக் காயலான் கடையில் கிடக்கும்.

அன்றைக்கு அவள் ராஜாராமுக்குப் போன் செய்து, எல்லாம் தயார், நாளைக்கு ஜாக்கியோடு வந்துவிடுங்கள் என்று மட்டும் சொன்னாள்.

மறுநாள் லாரியின் பின்னால் கல்லோடு உட்கார்ந்து வரும்போது பன்னீர்செல்வம் தாமரையைத் தடவித் தடவிப் பார்த்தார். டிப்போவில் எத்தனையோ டயர் பார்த்தவர், பூத்த டயரை அன்றைக்குத்தான் பார்க்கிறார். அந்த அம்மாள் ஒப்புக்கொள்ளாவிட்டால் என்ன செய்வது, வேறு இடத்தில் சக்கரம் இருக்கிறதா என்று மெதுவாகக் கேட்டார்.

"கீது அண்ணாத்த. நீ கவலப்படாத வா," என்றாள் தமிழ்ச்செல்வி. சத்தமாகத்தான் சொன்னாள். தனக்கும் கேட்கட்டும் என்று.

ரிசார்ட் வாசலில் கல்லை இறக்கினார்கள். ஆண்கள் ஜாக்கியையும் கட்டைகளையும் எடுக்க லாரிப் பக்கம் போனார்கள். சாரதாம்பாள் வந்தார். சுற்றி வந்து பார்த்தார். மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டும் பார்த்தார்.

"நான் சக்கரம் கேட்டேன்," என்றார். "நீ சாமி இல்லாத கோயில கொண்டாந்து எறக்கிக்கீறே."

தமிழ்ச்செல்வி பேச ஆரம்பித்தாள். இருபத்திரண்டு வருஷம் கல்லாவுக்குப் பின்னால் உட்கார்ந்து பேசிய பேச்செல்லாம் ஒன்றுகூடி வந்தது. இந்தக் கடற்கரையில் எவன் வாசலிலும் இப்படி ஒன்று கிடையாது என்றாள். உப்புக் காற்று ஆயிரம் வருஷம் அடித்தாலும் அசையாது என்றாள். தாமரை ராசியானது என்றாள். வெளிநாட்டுக்காரர்கள் இதைப் பார்க்கவே வண்டியை நிறுத்துவார்கள் என்றாள். சாரதாம்பாள் குறுக்கே பேசவில்லை. தானும் இப்படித்தான் அறைக்கு வாடகை பேசியவர் என்பதால் முழுவதையும் ரசித்துக் கேட்டார். மூச்சு வாங்க அவள் நிறுத்தினபோது ஒன்றே ஒன்று கேட்டார்.

"ஏம்மா, நான் முடியாதுன்னு சொல்லிட்டா, வேற சக்கரம் எங்கனா கீதா ஒனக்கு?"

இருக்கிறது என்று சொல்ல வாயைத் திறந்துவிட்டாள். வியாபாரத்தில் அதுதான் முறை. இன்னொரு இடம் கைவசம் இருக்கிறது என்று காட்டினால்தான் எதிராளி இறங்குவான். பெங்களூர், ஹைதராபாத் இரண்டும் நாக்கு நுனியில் தயாராக இருந்தன. ஆனால் புல்லில் குனிந்து நின்ற மூக்கைப் பார்த்தாள். பாலிடெக்னிக்கில் செங்கல்மேல் நிற்கிற இன்னொரு மூக்கு நினைவுக்கு வந்தது. சுத்தம் செய்த இடத்தில் மறுபடி புல் முளைத்துவிட்டதென்று போன ஞாயிறு ராஜாராம் தனியாகக் குனிந்து பிடுங்கிக்கொண்டிருந்ததும் நினைவுக்கு வந்தது. இந்த அம்மாளிடம் பொய் சொல்லி, அவர் அப்படியானால் அங்கேயே போய் வாங்கிக்கொள் என்று சொல்லிவிட்டால் என்ன செய்வது?

"இல்லைங்கம்மா," என்றாள்.

அது தன் வாயிலிருந்துதான் வந்ததா என்றே சந்தேகமாக இருந்தது. வேறு எதையாவது சேர்த்துச் சொல்லி அதை மூடிவிடலாம் என்று பார்த்தாள். ஒன்றும் வரவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

சாரதாம்பாள் கல்லைப் பார்க்கவில்லை, விமானத்தைப் பார்க்கவில்லை, அவளையே பார்த்தார். அவரும் அறை நிரம்பிய நாளில் வந்தவரிடம் இடமில்லை என்று சொன்னதில்லை. உட்காருங்கள், பார்க்கலாம் என்று சொல்லி மோர் கொடுத்து, கடைசியில் தன் அறையையே காலி செய்து கொடுத்தவர். வியாபாரம் செய்கிற வாயிலிருந்து அந்த வார்த்தையை வாங்குவது எவ்வளவு பெரிய காரியம் என்று அவருக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

"கடையில இதுக்கு முன்ன யாருகிட்டயாவது இப்டி சொல்லிக்கீறியா?" என்று கேட்டார்.

தமிழ்ச்செல்வி தலையை மட்டும் பக்கவாட்டில் ஆட்டினாள்.

"சரி, மாட்டிக் காட்டு. நான் ரோட்டாண்ட நின்னு பாக்கறேன். புடிக்கலன்னா பழையபடி மாத்தி வெச்சிட்டு கல்ல எடுத்துக்கினு போயிடணும்."

வேலை தொடங்கியது. ராஜாராம் மூக்குக்கு அடியில் ஜாக்கியை வைத்து, பிள்ளையைத் தூக்குகிற கவனத்தோடு ஏற்றினார். ஜெபக்குமார் அச்சைத் தட்டித் தட்டி உருவினார். பழைய சக்கரம் பன்னீர்செல்வத்தின் மடியில் வந்து விழுந்தது. அவர் அதைக் கையால் சுற்றினார். முனகிவிட்டுச் சுற்றியது. உள்ளே பேரிங் உயிரோடுதான் இருக்கிறது என்று ராஜாராமுக்குக் கண்ணாலேயே சைகை காட்டினார். கல்லை உருளைக் கட்டைகள்மேல் தள்ளிக்கொண்டுவந்து, எல்லாருமாகத் தம் பிடித்து நேராக்கினார்கள். பீடத்தின் உயரத்துக்காக மூக்கை இன்னும், இன்னும் ஏற்ற வேண்டியிருந்தது. துளை நேருக்கு வந்தது. அச்சு நுழைந்தது. ராஜாராம் ஜாக்கியை இறக்கினார். கல் ஒரு சத்தமும் போடாமல் பாரத்தை வாங்கிக்கொண்டது.

தமிழ்ச்செல்விக்குத் திரும்பிப் பார்க்கப் பயமாக இருந்தது. சாலையோரத்தில் சாரதாம்பாளின் பக்கத்தில் போய் நின்ற பிறகுதான் பார்த்தாள்.

விமானம் தலையைத் தூக்கியிருந்தது. இத்தனை வருஷம் புல்லில் தொலைத்ததைத் தேடிக்கொண்டிருந்தது, இப்போது சவுக்குத் தோப்புக்கு மேலே, கடல் பக்கத்து ஆகாயத்தைப் பார்த்து நிமிர்ந்து நின்றது. இன்னொரு நிமிஷம் விட்டால் போய்விடும் என்று தோன்றியது.

புதுச்சேரிப் பக்கம் போய்க்கொண்டிருந்த சுற்றுலா வேன் ஒன்று வேகம் குறைந்து ஓரமாக நின்றது. உள்ளே இருந்தவர்கள் இறங்கி போட்டோ எடுத்தார்கள். டிரைவர் மட்டும் செருப்பைப் புல்தரைக்கு வெளியே கழற்றி வைத்துவிட்டு, நேராகப் போய்ப் பீடத்தின் தாமரை இதழைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். பிறகு வண்டிச் சாவியையும் அதன்மேல் ஒரு நொடி வைத்து எடுத்துக்கொண்டார்.

சாரதாம்பாளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தார். "அந்த டால்ஃபின்காரனுக்கு இனிமே தூக்கம் ஏது," என்றார். அப்புறம் தமிழ்ச்செல்வியின் பக்கம் திரும்பாமலே சொன்னார்: "சக்கரத்த எடுத்துக்கினு போ. என்னிக்கி உருட்டப்போறீங்கன்னு சொல்லி அனுப்பு, நான் வந்து பாக்கணும்."

காணும் பொங்கலுக்கு மறுநாள் உருட்டினார்கள். பன்னீர்செல்வம் டயருக்குப் புது டியூப் போட்டுக் காற்றடித்திருந்தார். ஜெபக்குமாரின் மச்சான் டிராக்டர் கொண்டுவந்தார். மாட்டுப் பொங்கலுக்குக் கட்டிய பலூன்கள் இன்னும் அதில் தொங்கிக்கொண்டிருந்தன. முதல்வர் வந்தார். சாரதாம்பாள் காரில் வந்து இறங்கினார். மரத்தடியில் அவருக்குப் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு, பெரிய டம்ளரில் மோர் கொடுத்தார்கள்.

செங்கல்லை ஒவ்வொன்றாக எடுத்தார்கள். கடைசிச் செங்கல்லை ராஜாராம் எடுக்கவில்லை, தமிழ்ச்செல்வியைக் கூப்பிட்டு எடுக்கச் சொன்னார். மூக்கு சக்கரத்தின்மேல் இறங்கி, ஒரு அசைவு அசைந்து, நின்றது. டிராக்டர் இழுத்தது. ஒரு கணம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு எங்கேயோ உள்ளே ஒரு கிறீச், மூன்று சக்கரங்களும் சேர்ந்து உருண்டன. ராஜாராம் இறக்கை நுனியைப் பிடித்தபடி, கல்யாண ஊர்வலத்தில் மாப்பிள்ளையோடு வருகிறவரைப் போல நிமிர்ந்து நடந்தார். தமிழ்ச்செல்வி வேறு எதையும் பார்க்கவில்லை. மூக்குச் சக்கரத்துக்குப் பக்கத்திலேயே குனிந்து குனிந்து நடந்தாள். மைதானத்தின் பள்ளத்தில் அது இறங்கினபோது அவள் நெஞ்சும் இறங்கியது. அது ஏறினபோதுதான் மூச்சு விட்டாள். கண்ணில் தண்ணீர் வந்தது. புகை என்று சொல்லிக்கொள்ள டிராக்டர் இருந்தது நல்லதாய்ப் போயிற்று.

வேப்பமரத்தடியில் கொண்டுவந்து நிறுத்திச் சக்கரத்துக்குக் கட்டை கொடுத்தார்கள். முதல்வர் எல்லாருக்கும் கை கொடுத்துவிட்டு, மழை வருவதற்குள் மேலே ஒரு தகர ஷெட் போட்டுத் தருவதாகச் சொன்னார். பன்னீர்செல்வம் ஓரமாகப் போய் மூக்கைச் சிந்தினார். ராஜாராம் விமானத்தை ஒரு சுற்றுச் சுற்றி வந்தவர், நாற்காலி பக்கத்தில் நின்றுகொண்டிருந்த தமிழ்ச்செல்வியிடம் வந்தார்.

"கேக்கணும்னே இருந்தேன் செல்வி. அம்மா குடுக்கலன்னாலும் நீ வேற எடத்துல ஒரு சக்கரம் பாத்து வெச்சிருந்ததா பன்னீர் சொன்னார். நெசமாவா?"

மூன்று பேரும் அவளையே பார்த்தார்கள். அவர்கள் முகத்தில் இருந்த நம்பிக்கையைப் பார்த்தாள். அடுத்த ஞாயிறு இவர்கள் எஞ்சினைத் திறப்பார்கள், அதில் இல்லாத பத்துப் பொருளை எழுதி அவள் கையில் கொடுப்பார்கள்.

"பின்ன, வெறுங்கையோடயா வருவேன் சார்?" என்றாள்.

சொல்லிவிட்டு ஓரக்கண்ணால் நாற்காலியைப் பார்த்தாள். சாரதாம்பாள் மோர் டம்ளரை வாயிலிருந்து எடுத்தார். மேலுதட்டைத் துடைத்துக்கொண்டார்.

"ஆமா, வெச்சிருந்தா சார்," என்றார் ராஜாராமிடம். "எங்கிட்டயே சொன்னாளே."